இறங்காத சோறு

என் கணவன் வால்டிவினோ என் சமையலைச் சாப்பிடுவதில்லை என்ற பேச்சு என் கடையிலேயேதான் பிறந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். லாரிக்காரர்கள், மாட்டுத் தரகர்கள், மாநிலத் தலைநகர் கோயானியா போகும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் என்று மதியம் கடை நிரம்பிவிடும். சோறு, பீன்ஸ் குழம்பு, வறுத்த மரவள்ளி மாவு, வெண்டைக்காய் போட்ட கோழி, பருவம் வந்தால் பெக்கிப் பழம் போட்ட மஞ்சள் சோறு. தட்டை வழித்துவிட்டு மறுபடியும் வருகிறவர்கள்தான் அதிகம். என் கணவன் மட்டும் மூலை மேசையில் ஒரே தட்டை வைத்துக்கொண்டு, எல்லாரும் எழுந்து போன பிறகும் அதைக் கிளறிக்கொண்டிருப்பான்.

"டோனா ஜெர்சினா, உங்க வீட்டுக்காரரே சாப்பிட மாட்டேங்கறாரு, எங்களை மட்டும் சாப்பிடச் சொல்றீங்களே," என்றான் ஒரு லாரிக்காரன். "சோத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு அவருக்குத்தான் தெரியும்போல."

கடை சிரித்தது. வால்டிவினோவும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்கு அகப்பையை யார் தலையில் முதலில் போடுவது என்றுதான் குழப்பம்.

கல்யாணமான புதிதில் அவன் இப்படி இல்லை. பால் வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, மதியம் பசியோடு வந்து உட்கார்ந்தால் பன்றி விலாவை எலும்போடு கடித்துத் துப்புவான். அப்படிப்பட்டவன் முதலில் இறைச்சியை விட்டான். பல் வலி என்றான். பல் மருத்துவர் பல்லில் ஒன்றுமில்லை என்றார். பிறகு ரொட்டியை விட்டான். அடுத்தது சோறு. ஒரு வாய் சோற்றுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பான். குடித்துவிட்டு முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். வழுவழுவென்று இறங்கும் வெண்டைக்காயையும் பாலையும் மட்டும் தேடினான். கேட்டால் பசியில்லை. இன்னும் கேட்டால் வழியில் பண்ணையில் சாப்பிட்டுவிட்டேன். அதற்கு மேல் கேட்டால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

அவனுடைய அக்கா ஜுல்மீரா எங்களுக்குப் பக்கத்து வீடு. தையல்காரி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவள்தான். அவன் இடுப்பு இளைக்க இளைக்க, கால்சட்டைகளை வாங்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஏன் இளைக்கிறான் என்று ஒருநாளும் தம்பியைக் கேட்டதில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"நீங்க தெக்கத்திக்காரங்க சோத்தை உதிரி உதிரியா வடிச்சிருவீங்க. எங்க ஆளுங்களுக்குக் குழைவா வேணும். கொழுப்பு கொஞ்சம் தாராளமா விடணும். இருபது வருஷமா இங்க இருக்கே, இன்னும் கை பழகலையே உனக்கு."

நான் தெற்கே பரானாவில் பிறந்தவள். அப்பாவுக்கு இங்கே டிராக்டர் பழுதுபார்க்கும் வேலை கிடைத்ததால் வந்தவள். இருபது வருஷமாக அது ஒரு குற்றம். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்டு சோற்றைக் குழைத்தேன். கொழுப்பை விட்டேன். கொழுப்பை எடுத்தேன். சோளக் களி கிண்டினேன். களியையும் தண்ணீர் மாதிரி கரைத்தேன். எதைச் செய்தாலும் தட்டு அப்படியே இருந்தது. ஒருநாள் தட்டைத் தூக்கி நாய்க்குப் போட்டுவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நாய் மட்டும் குறை சொல்லாமல் தின்றது.

மருந்துக்கடை சேயு ஓட்டாசீலியுவிடம் போனேன். அவருக்கு முழு விவரம் தேவைப்படாது. பாதி சொல்வதற்குள் கை அலமாரிக்குப் போய்விடும்.

"கேஸ்," என்றார். "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு கேஸ், மீதிப் பேருக்கு நெஞ்செரிச்சல். உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டும் இருக்கு."

"அவரை நீங்க பாக்கவே இல்லையே."

"பாத்துத் தெரியுற வியாதியா இது?"

சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு வெள்ளை மருந்தைக் கொடுத்தார். வால்டிவினோ அதைச் சமர்த்தாகக் குடித்தான். திரவமாக எதைக் கொடுத்தாலும் குடிப்பான், அதுதான் சங்கதி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்தபடி குடலில் பூச்சி இருக்கும் என்றார். பூச்சி மருந்தை வீடு முழுக்கச் சாப்பிடவேண்டுமாம். எனக்கும் மகளுக்கும் வயிறு கலங்கியதுதான் மிச்சம். சந்தையில் மூலிகை விற்பவள் முள்ளிலைக் கஷாயம் கொடுத்தாள், புண்ணை ஆற்றும் என்று. மந்திரிக்கும் கிழவி ஒருத்தி அவன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கயிற்றால் அளந்து, அதே கயிற்றைத் தோளுக்குத் தோள் வைத்துப் பார்த்து, மார்பெலும்பு இறங்கிவிட்டது என்றாள். எல்லாருக்கும் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலையும் நான் வீட்டுக்குத் தூக்கிவந்து அவனுக்குப் புகட்டினேன். அவன் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

கடைசியில் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் டாக்டர் தாலெஸ். கடற்கரை நகரத்தில் படித்து முடித்த கையோடு எங்கள் ஊருக்கு வந்த பையன் முகம். நல்லவர்தான். பக்கத்து நகரத்தில் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது. இரைப்பையில் லேசான அழற்சி. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில்.

"இவ்வளவு மெலிஞ்சதுக்கு லேசான அழற்சியா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "மனசுல பாரம் இருந்தாலும் தொண்டை இறுகும், டோனா ஜெர்சினா. சாப்பாடு இறங்காது." வால்டிவினோவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல ஏதாவது பிரச்சினை இருக்கா?"

வால்டிவினோ தரையைப் பார்த்தான். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இருக்கு," என்றேன். "நான்தான் பிரச்சினை. எனக்கு ஒரு மாத்திரை எழுதுங்க, முழுங்கிட்டுச் செத்துப் போறேன். இவருக்குத் தொண்டை திறந்துரும்."

வெளியே வந்ததும், "டாக்டர்கிட்ட இப்படியா பேசுறது," என்று கடிந்துகொண்டான். அன்று வீடு வரை அவனோடு நான் நடக்கவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நடந்தேன்.

இதற்கிடையில் கடையில் இன்னொரு பேச்சு கிளம்பியது. பால் வண்டி தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலத்துக்குக் கீழே நிற்கிறதாம். பாலத்தைத் தாண்டினால் விதவை நாதிருடைய பண்ணை. சொன்னவன் அதோடு நிறுத்திக்கொண்டு பல் குத்தினான். நான் பீன்ஸ் சட்டியை மூடினேன். அவன் சாப்பிடாதது இப்போது எனக்கு வேறு மாதிரி புரிந்தது. இங்கே சாப்பிடாதவன் எங்கேயோ சாப்பிடுகிறான்.

மறுநாள் அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பியதும் கடையை மகளிடம் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். பாலத்தருகே இறங்கினேன். என்னென்ன திட்டவேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சேர்த்துவைத்திருந்தேன்.

வண்டி பாலத்துக்குக் கீழே மரநிழலில் நின்றது. நாதிர் இல்லை, யாருமில்லை. வால்டிவினோ தனியாக நின்றான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, நுனிக்காலில் எம்பி எம்பி, குதிகால் தரையில் மோதக் குதித்துக்கொண்டிருந்தான். நடுநடுவே தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தான். மறுபடியும் கைகளைத் தூக்கிக் குதித்தான். பிறகு இரண்டாக மடிந்து புல்லில் கக்கினான்.

ஓடிப்போய் முதுகைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறப் பார்த்தான். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். புல்லில் என் சோறு கிடந்தது. பருக்கை பருக்கையாக, மென்றது மென்றபடி. புளித்த வாடையே இல்லை. குழந்தை வாந்தியெடுத்தால் எப்படி மணக்கும் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். இது அந்த மணம் இல்லை. பூண்டு தாளித்த என் சோற்றின் மணம்தான்.

"இது வயித்துக்குப் போகவே இல்லையா?" என்றேன்.

அவன் நெஞ்சுக்குழியில் ஒரு விரலை வைத்தான். "இங்க நின்னுருது. கீழ இறங்க மாட்டேங்குது."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"டாக்டர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? பசியில்லை, பசியில்லைன்னு சொல்லிக்கிட்டு. பூச்சி மருந்தைக் குடிச்சே. கயித்தால அளக்கவிட்டே."

"சொல்லி என்ன ஆகப்போகுது ஜெர்சினா." வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தெரியும் இது என்னன்னு. என்டாலு. எங்கப்பா இதுலதான் செத்தாரு."

அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் தெற்கில் அப்படியொரு வியாதியும் இல்லை, பேரும் இல்லை. தொண்டையடைப்பு என்று சொல்லலாம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவருக்கு இருந்ததாம். அவன் அப்பா கடைசியில் ஒரு கரண்டி கஞ்சிக்குக்கூட வழியில்லாமல், வாசலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நாளைக் கழித்திருக்கிறார்.

"அப்போ இது முதல் நாள்லேர்ந்தே உனக்குத் தெரியும்."

"இறைச்சி நின்ன அன்னைக்கே தெரியும்."

"உங்கக்காவுக்கு?"

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான். அதுவே போதுமாக இருந்தது.

சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு மறந்துபோனது. அதைவிடப் பெரிய கோபம் வந்ததும் சின்னதெல்லாம் ஒதுங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் ஊர் முழுக்க அலைந்திருக்கிறேன், சமையலை மாற்றியிருக்கிறேன், கடையில் கேலிபட்டிருக்கிறேன். அக்காவும் தம்பியும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஜுல்மீரா தையல் இயந்திரத்தில் இருந்தாள். நான் உள்ளே போய் விளக்குச் சுவிட்சை அணைத்தேன்.

"தைக்கிறவ விளக்கை அணைக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா?"

"என்டாலுன்னா என்ன?"

அவள் கை சக்கரத்தின் மேலேயே நின்றது. எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். "அந்தப் பேரை என் வீட்டுல சொல்லாதே."

"நீங்க கால்சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சீங்களே, அப்போவே சொல்லியிருக்கலாம்ல? சோத்தைக் குழைச்சு வைன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே."

"குழைச்சு வெச்சா கொஞ்சம் இறங்கும்னுதான் சொன்னேன். வேற எப்படிச் சொல்லுவேன்?" அவள் மேசையில் கிடந்த துணியை இழுத்து மடித்தாள். "அப்பாவை நான்தான் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குப் பதினாறு வயசு. நெஞ்சைக் கீறிப் பாத்தாங்க. பெட்டியில வெச்சுத் திருப்பி அனுப்புனாங்க. வீட்டுல இருந்திருந்தா இன்னும் கொஞ்சநாள் பால் குடிச்சாவது இருந்திருப்பாரு. இவனையும் நீ கொண்டுபோய்க் கிடத்தப்போறியா?"

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை வெச்சு இன்னைக்கு முடிவெடுப்பீங்களா?"

"உனக்குத் தெரியாது. நீ இந்த ஊர்க்காரி இல்ல."

"நல்லவேளை," என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடாமலே வெளியே வந்தேன்.

டாக்டர் தாலெஸிடம் நான் மட்டும் போனேன். அந்த வார்த்தையைச் சொன்னேன். புல்லில் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆள் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்றார். "பிறந்த வீடு எப்படிப்பட்டதுன்னு நான் கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு, கோயானியாவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

சீட்டு கையில் இருந்தால் வழி திறந்துவிடும் என்று நினைத்தவள் நான். தேதி கிடைக்கவே மாதங்கள் ஆயின. தேதியன்று போனால் எக்ஸ்ரே இயந்திரம் பழுது, அடுத்த மாதம் வாருங்கள். அடுத்த மாதம் போனால் சீட்டில் பெயர் வால்டிர் என்று தப்பாக ஏறியிருக்கிறது. சன்னலுக்குள் இருந்த பெண், "வால்டிர் வந்தாத்தான் எடுக்க முடியும்," என்றாள். எலும்பும் தோலுமாக நின்ற என் கணவனைக் காட்டி, "இவர்ல பாதி போயிருச்சும்மா, பேர்லயும் பாதி போயிருச்சுன்னு வெச்சுக்கோ," என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததில் அவளுக்கே சிரிப்பு வந்து திருத்திக் கொடுத்தாள். போகவர ஒவ்வொரு தடவையும் பேருந்தில் வால்டிவினோ, "விட்டுரு ஜெர்சினா," என்பான். ஒவ்வொரு தடவையும் நான், "வாயை மூடு," என்பேன். அந்த மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

கடைசியில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் எலெனிசி. நரைத்த தலை, கையில் காபிக் கோப்பை, உரத்த பேச்சு. வால்டிவினோ உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"எந்தப் பக்கம் பிறந்தே? மண் வீடா?"

"ஆமா டாக்டர். கம்பு நட்டு மண் அப்பின வீடு. ஓலைக் கூரை."

"சவரக்காரப் பூச்சி இருந்துச்சா?"

"சுவரு வெடிப்பு முழுக்க இருக்கும். பிள்ளைங்க நாங்க குச்சியால நோண்டி விளையாடுவோம்."

தூங்குகிறவர்களின் முகத்தைத் தேடி வந்து கடிப்பதால் அந்தப் பூச்சிக்கு அப்படிப் பெயர். கடித்த இடத்தில் அது எச்சமிடும், சொறியும்போது கிருமி உள்ளே போகும், பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும் என்றார் டாக்டர். பிறகு வெள்ளை மாவுக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி என்னைக் கூப்பிட்டார். நெஞ்சுக்குள் ஒரு கோணிப்பை தொங்குவதுபோல் இருந்தது. அடியில் எலிவால் மாதிரி ஒரு நுனி.

"இதுதான் உணவுக்குழாய். கட்டை விரல் அகலம் இருக்கணும். பாருங்க, பை மாதிரி ஆயிருக்கு. சாப்பாட்டைக் கீழ தள்ளுற நரம்பையெல்லாம் அந்தக் கிருமி தின்னுருச்சு. அடியில ஒரு கதவு இருக்கு. சாப்பாடு வந்தா தானா திறக்கணும். நரம்பு இல்லாததால திறக்க மறந்துருச்சு. அதனால சாப்பாடு மேலயே தேங்குது. இவர் குதிக்கிறது, தண்ணி குடிக்கிறது எல்லாம் அந்தக் கதவை இடிச்சுத் தள்ளத்தான்."

"அப்போ மனசுல பாரம் இல்லையா?"

"மனசுல பாரம் இல்லாத ஆள் யாரு? ஆனா அது எக்ஸ்ரேல தெரியாது."

நான் வால்டிவினோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா டாக்டர்?" என்று கேட்டான். இருந்திருக்கும் என்றார் அவர். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செத்த நரம்பு திரும்ப வராது, கதவைத்தான் ஏதாவது செய்யலாம் என்று விளக்கினார்கள். முதலில் வாய்வழியாகப் பலூன் ஒன்றை உள்ளே விட்டு, கதவருகே ஊதி விரித்தார்கள். வீட்டுக்கு வந்து அவன் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டான். நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் மழைக்காலம் முடியும்வரைகூட நிற்கவில்லை. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் காலண்டர். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பலூனைத் திட்டினேன். இனி அறுவை சிகிச்சைதான், கதவின் தசையை மட்டும் நறுக்கிவிட்டு இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி வைத்துத் தைப்போம் என்றார் டாக்டர் எலெனிசி. அந்தக் காலம்போல் நெஞ்சைத் திறப்பதில்லை, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்வது.

ஜுல்மீரா கூட வந்தே தீருவேன் என்றாள். சவப்பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வந்தாள். அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க அதே வீட்டுல பிறந்தவங்களா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு எல்லாம் இறங்குது."

"இறங்கினா சரி. வெளியே போகுதா?"

ஜுல்மீரா காது கேட்காதவள் மாதிரி சன்னலைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அவள் வீட்டு அடுப்பில் எப்போதும் கொதிக்கும், மலச்சிக்கலுக்குக் குடிக்கும் சூரத்தாவாரை இலைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. யார் வீட்டிலும் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டாள். உப்பிய வயிற்றைக் காட்டி, கொழுப்பு என்பாள். அதே பூச்சி சிலருக்கு மேலே அடிக்கும், சிலருக்குக் கீழே பெருங்குடலில் அடிக்கும், இதயத்தையும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள் என்றார். ஜுல்மீரா கையைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டாள். தம்பிக்கு ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள்.

தம்பிக்கு ஆயிற்று. நல்லபடியாகவே ஆயிற்று. ஆனால் கதைகளில் வருவதுபோல் எழுந்து வந்து பன்றி விலாவைக் கடிக்கவில்லை. குழாய் பை மாதிரியேதான் இருக்கிறது. சாப்பாடு தன் பாரத்தாலேயே கீழே போகவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, கூழாகும்வரை மென்று சாப்பிடுகிறான். சாப்பிட்டதும் படுக்கக்கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறோம். நான் தூக்கத்தில் கால்மாட்டுக்குச் சரிந்து சரிந்து விழுகிறேன். ஆனாலும் எடை ஏறியது. தேங்கிய சோறு மேலேறி ராத்திரியில் வந்துகொண்டிருந்த இருமலும் போனது. பாலத்துக்குக் கீழே வண்டி நிற்பதில்லை.

ஜுல்மீரா அந்த "பிறகு"வை இழுத்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கவேண்டும், பிறகு. ஊர்த் திருவிழாவுக்குப் பாவாடை தைக்கவேண்டும், பிறகு. நான் தினமும் போய்ச் சண்டை போட்டேன். "என் குடலைப் பத்தி ஊர்ல பேசாதே," என்பாள். "பேசுவேன். கடையில உக்காந்து மைக் வெச்சுப் பேசுவேன்," என்பேன். அவள் கதவைச் சாத்துவாள்.

ஒருநாள் காலை தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வயிறு மேளம்போல் இருந்தது. வலியில் என் கையை நகம் பதியப் பிடித்தாள். வால்டிவினோ பால் கேன்களைத் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டு, அவளை வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தான். பருத்து நீண்ட குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டதாம். குழாய் விட்டு முறுக்கை அவிழ்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் டாக்டர் எலெனிசி. இரத்தப் பரிசோதனையும் அவர் நினைத்ததையே சொன்னது. பருத்த பகுதியை வெட்டி எடுக்காவிட்டால் மறுபடியும் முறுக்கும்.

அறுவை நாளன்று தள்ளுவண்டியில் படுத்தபடி ஜுல்மீரா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்குச் சந்தோஷமா இப்போ?"

"இல்ல," என்றேன். "ரெண்டு பேரும் மொதல்லயே வாயைத் தொறந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

"எனக்குப் பயமா இருக்கு ஜெர்சினா."

"தெரியும். அதை இத்தனை வருஷம் சமையல் குத்தம்னு சொல்லிட்டிருந்தீங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தாள். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நடைவழிப் பெஞ்சில் நானும் வால்டிவினோவும் உட்கார்ந்தோம். எதிர்க்கடையில் வாங்கிவந்த பாலாடைக்கட்டி உருண்டையை அவன் பிட்டு மெல்லத் தொடங்கினான். ஒரு துண்டை முடிக்க அவனுக்கு ஆகும் நேரத்தில் நான் சந்தைக்கே போய்வந்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் பக்கம் வைத்தேன். மதியத்துக்குப் பிறகு டாக்டர் எலெனிசி தலைத்துணியை அவிழ்த்தபடி வெளியே வந்தார். எல்லாம் சரியாக முடிந்தது, முழிப்பு வந்ததும் ஜுல்மீரா கேட்ட முதல் கேள்வி, தன் குடலை யார் யார் பார்த்தார்கள் என்றுதான், என்றார்.